நாள் கிழமை

சிங்கப்பூர்,
புரட்டாசி மாதம்.

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது நாலு நாளாக மனசில் கிடக்கிறது. "அத்தானுக்குச் சுகர்னு ஆயிடுச்சு. இனிமே எதுக்குடி எண்ணெய்ச் சட்டி வைக்கணும்? இந்தத் தீபாவளிக்கு நம்ம வீட்டுல பலகாரமே கிடையாது" என்றாய். நான் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, அந்த நேரத்தில் கோவையாக வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இதே முடிவை நான் 2019-இல் எடுத்தேன். அந்த வருஷம் ஆவணியில் எங்கள் பேட்டைப் பலதுறை மருந்தகத்தில் என் வீட்டுக்காரருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரி 6.2 என்று வந்தது. எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள், இப்போதே சரிசெய்துகொண்டால் திரும்பி வரலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். பிறந்தநாள், தீபாவளி, எதற்கும் இனி இனிப்பு இல்லை என்று அறிவித்தேன்.

அந்தத் தீபாவளிக்கு அத்தை கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். பையில் பாகுவெல்லம் இரண்டு கிலோ. அதை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், புதுத்துணி உடுத்தினோம். சாமிக்கு முன்னால் ஆப்பிளும் ஊறவைத்த பாதாமும் இருந்தன. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வெத்தலை பாக்காவது வச்சியாம்மா?" என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் குளியலறைக் கதவு வெகுநேரம் சாத்தியே இருந்தது. திறந்தால், உள்ளே பெரியவள் நிற்கிறாள். எட்டு வயசு. நாலாவது மாடி வீட்டில் கொடுத்த லட்டைப் பட்டுப்பாவாடை மடியில் மறைத்துக் கொண்டுவந்து, நின்றபடியே தின்றுகொண்டிருந்தாள். தீபாவளியன்று ஒரு குழந்தை ஒளிந்து நின்று லட்டு தின்கிறது, அக்கா. அந்த முகத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

தை மாதம் திரும்பவும் ரத்தம் பார்த்தோம். அதே 6.2.

டாக்டர் கோபப்படவில்லை. சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அவற்றில் ஒட்டிக்கொண்டே வரும், இந்தப் பரிசோதனை அதைத்தான் அளக்கிறது என்று நிதானமாக விளக்கினார். பிறகு இவரைப் பார்த்து, "சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றைச் சொல்லுங்கள். காலையிலிருந்து படுக்கும்வரை என்னவெல்லாம் வாய்க்குள் போகிறது?" என்றார். இவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கியது. நான் பிடுங்கி எறிந்தது வருஷத்தில் நாலைந்து நாளை. மிச்சம் முந்நூற்றறுபது நாளை நான் தொடவே இல்லை.

இங்கே கோப்பிக் கடையில் வெறும் 'தே' என்று கேட்டால் டின்னில் வரும் கெட்டிப்பால் ஊற்றிக் கலந்து தருவார்கள். இவருக்கு நாளைக்கு மூன்று டம்ளர் அது. ஒருநாள் வீட்டில் அதே தித்திப்புக்குக் கலந்து, சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால் ஏறக்குறைய 40 கிராம். அதில் பாதிக்கு மேல் சர்க்கரை. அப்புறம் நம் அம்மா கணக்குப்படி அதிரசத்துக்கு வெல்லம் எவ்வளவு என்று பார்த்தேன். அரைக் கிலோ அரிசிக்கு 400 கிராம் வெல்லம், வந்தது இருபத்தேழு அதிரசம். ஒன்றுக்குப் பதினைந்து கிராம் வெல்லம். அரிசிமாவும் எண்ணெயும் அதோடு சேரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரு டம்ளர் தேநீரில் இருக்கும் சர்க்கரை ஓர் அதிரசத்து வெல்லத்தைவிட அதிகம். அதிரசத்தை வருஷத்துக்கு இரண்டு முறை சுடுகிறோம். அந்தத் தேநீரை வருஷத்தில் ஆயிரம் முறை குடித்திருக்கிறார்.

இப்போது இவர் 'தே ஓ கோசோங்' என்று கேட்கப் பழகிவிட்டார். 'ஓ' என்றால் பால் வேண்டாம், 'கோசோங்' என்றால் மலாயில் வெறுமை, அதாவது சர்க்கரையும் வேண்டாம். ஒரேயடியாக விட முடியாதவர்கள் 'சியூ தாய்' என்று கேட்பார்கள், சர்க்கரை குறைவாக என்று அர்த்தம். இவர் முதல் ஆறு மாதம் அதில்தான் இருந்தார். இங்கே அரசாங்கமும் இதைக் கையில் எடுத்திருக்கிறது. 2017-ஆம் வருஷத்துத் தேசிய தினக் கூட்ட உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நாட்டுக்கே முக்கியமான மூன்று விஷயங்களில் ஒன்றாக நீரிழிவை எடுத்துப் பேசினார். அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு அது இருக்கிறது என்றார். டிவியில் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. நம் பக்கத்து ஆள்களைத்தான் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. 2022 டிசம்பர் 30 முதல் டின்னிலும் பாக்கெட்டிலும் வரும் பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்தாயிற்று. 100 மில்லியில் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அது டி. அதற்கு விளம்பரமும் செய்யக்கூடாது. சின்னவன் கடையில் டின்னைத் திருப்பிப் பார்த்து, "அம்மா, இது டி" என்று தானே வைத்துவிடுகிறான். நான் பத்து முறை கத்தினால்கூட நடக்காதது அந்த ஓர் எழுத்தில் நடக்கிறது.

ஊரில் இல்லாத ஒரு சங்கடம் இங்கே உண்டு. 1989-இலிருந்து அரசாங்க அடுக்குமாடிகளில் ஒவ்வொரு புளோக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லோரும் கலந்து இருக்கும்படி விகிதாசாரம் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அதனால் எல்லோர் வீட்டுப் பண்டிகையும் எங்கள் வாசலுக்கு வரும். சீனப் புத்தாண்டுக்கு அன்னாசி டார்ட், நோன்புப் பெருநாளைக்கு மலாய்க்காரர் வீட்டுக் குவே பலகாரம், கிறிஸ்துமஸுக்குக் கேக். வேண்டாம் என்று சொன்னால் மனசு நோகும். அதோடு அலுவலகத்தில் பிறந்தநாள், பள்ளியில் பிறந்தநாள், யாராவது ஊருக்குப் போய்வந்தால் மைசூர்பாகு.

எதிர்வீட்டு மக்சிக்கைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். வயதில் மூத்த மலாய்ப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். நாங்கள் சைவம் என்று தெரிந்து, முட்டை சேர்க்காததாகப் பார்த்து ஒரு டப்பா நிறைய அனுப்புவார். நம்மைப்போலவே அவர்களும் ஏனத்தைக் காலியாகத் திருப்பித் தருவதில்லை. எனவே நான் லட்டு வைத்துத் தருவேன். அவர் மறுபடி எதையாவது வைப்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்த டப்பா இனிப்போடு நடந்துகொண்டே இருந்தது. ஒருநாள் லிஃப்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார், எனக்கும் சர்க்கரைதான், நீ ஆசையாகத் தருவதை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை என்று. இரண்டு பேரும் ஒருத்தர் மனசை ஒருத்தர் நோகடிக்கக்கூடாது என்று, இரண்டு வீட்டு ஆள்களுக்கும் சர்க்கரையை ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அன்றிலிருந்து அந்த டப்பாவில் நவராத்திரிச் சுண்டல் போகிறது, கொய்யாப்பழம் வருகிறது. பண்டிகை நாளில் மட்டும் ஆளுக்கு ஒன்று என்று எண்ணி வைத்து இனிப்பு.

சுண்டல் என்றதும் சொல்கிறேன். நம் பண்டிகைகளை நாமே சரியாகப் பார்க்கவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்பது நாள் ராத்திரியும் கொண்டைக்கடலை, காராமணி, பாசிப்பயறு, மொச்சை என்று அவித்துத் தாளித்துக் கையில் கொடுத்தார்களே, நாருக்கும் புரதத்துக்கும் அதைவிட என்ன வேண்டும்? பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை ஆவியில் வெந்தது. தலைவாழை இலையை நினைத்துப் பார். மேல்பாதி முழுக்க பொரியல், கூட்டு, பச்சடி, அவியல். சோறு கீழ்ப்பாதியில். இங்கே சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014-இல் ஒரு தட்டுப் படம் வெளியிட்டது. பாதித் தட்டு காய்கனி, கால் தட்டு முழுதானியம், கால் தட்டு பருப்பு, மீன் வகை. அதைப் பார்த்ததும் எனக்கு நம் இலைதான் ஞாபகம் வந்தது. எவர்சில்வர் தட்டுக்கு மாறியதில் மேல்பாதி போய்விட்டது. சோறு நடுவில் வந்து உட்கார்ந்தது, காய் ஓரத்தில் ஒரு கரண்டியாகச் சுருங்கியது. நாள் கிழமை என்றால் இப்போது நான் தேக்கா சந்தைக்குப் போய் முதலில் இலை வாங்குகிறேன், அப்புறம் அந்த மேல்பாதிக்குக் காய். வாழைப்பூ, அவரை, முருங்கைக்கீரை எல்லாம் அங்கே கிடைக்கிறது.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

தராசு வாங்கிய பிறகு எனக்கு எண்ணிக்கை பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு மேசையிலேயே கிராம் சொல்ல ஆரம்பித்தேன். இதில் இவ்வளவு, அதில் அவ்வளவு. இவருக்கென்றுதான் சொன்னேன். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது பெண். இரண்டு வருஷம் முன்னால் தீபாவளிக்கு அத்தை மறுபடி வந்தார். இந்தத் தடவை நானே வெல்லம் வாங்கி வைத்திருந்தேன். அதிரசம் சுட்டோம். அத்தை சுடச்சுட ஒன்றை எடுத்து, ஊதி, "இந்தாடா கண்ணு" என்று பேத்தியிடம் நீட்டினார். அவள் கையில் வாங்கிப் பார்த்தாள். "அப்பாயி, இதுல எவ்வளவு சர்க்கரை இருக்கு?" என்றாள். தட்டில் வைத்துவிட்டாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று. உடம்பில் ஒரு பிடி சதை கூடுதலாகக் கிடையாது. வளர்கிற பிள்ளை, பசிக்கிற பிள்ளை. எட்டு வயதில் ஒளிந்து தின்றவள் பதின்மூன்றில் தின்னவே பயப்படுகிறாள். இரண்டுக்கும் காரணம் நான்தான்.

அன்று ராத்திரி அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். உனக்கு எந்தக் கணக்கும் இல்லை, அது அப்பாவுக்கு வந்த வியாதிக்கான கணக்கு, அம்மா அதை எல்லோர் தட்டிலும் போட்டது தப்பு என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தராசை மறுநாளே உள்ளே வைத்துவிட்டேன். சாப்பாட்டின் முன்னால் எண்களைச் சொல்வதில்லை. எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்பதெல்லாம் கடையிலேயே முடிந்துவிடும். வீட்டில் இல்லாத பொருளுக்காக யாரும் யாரையும் அதட்ட வேண்டியதில்லை. குறிப்பாக, பிள்ளைகள் காதுபட யார் உடம்பைப் பற்றியும் பேசுவதில்லை. விருந்தாளி வந்து "என்ன இப்படி இளைச்சிட்டா, என்ன இப்படிப் பூசினாப்புல ஆயிட்டா" என்று ஆரம்பித்தால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அக்கா, பலகாரத்தை நிறுத்தாதே. அளவைக் குறை. அம்மா டின் டின்னாகச் சுட்டது ஒரு தெருவுக்கே பங்கு வைத்ததால். இப்போது வீட்டில் இருப்பது மூன்று பேர். அரைப்படி அரிசி போதும். சுட்ட அன்றே பங்கு பிரித்துக் கொடுத்துவிடு. கார்த்திகைவரைக்கும் டின்னில் வைத்து, காபியோடு தினம் ஒன்று எடுப்பதில்தான் கெடுதல் இருக்கிறது. மிஞ்சியதை வீணாக்கக்கூடாது என்று அடுப்படியில் நின்றுகொண்டே நீ வாயில் போட்டுக்கொள்வாயே, அதையும் விடு. உனக்கும் ஐம்பத்திரண்டு ஆகிறது, நீயும் ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பார். நாட்டு வெல்லம், கருப்பட்டி என்றால் ஒன்றும் செய்யாது என்று பெரியம்மா சொல்வதை நம்பி அத்தானுக்கு இரண்டு மூன்று வைத்துவிடாதே. கொஞ்சம் இரும்புச்சத்து கூட இருக்கலாம், மற்றபடி அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான். அவருக்கு எவ்வளவு ஆகும் என்று அவருடைய டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள். மாத்திரை சாப்பிடுகிறவர், என் கணக்கு அவருக்குப் பொருந்தாது. அவருக்கு உள்ளதை எல்லோரோடும் உட்காரவைத்து இலையில் வை. தனியாகப் பிரித்து, 'உங்களுக்கு இது கிடையாது' என்று சபையில் சொல்லாதே. இவரை நான் அப்படிச் சொல்லிக் கூனிக்குறுக வைத்திருக்கிறேன்.

விருந்து முடிந்ததும் நாங்கள் படுப்பதில்லை. எல்லோருமாகக் கிளம்பி சிராங்கூன் சாலை விளக்குகளைப் பார்க்க நடந்து போகிறோம். சாப்பிட்ட கையோடு நடந்தால் தசைகள் ரத்தத்துச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு மகாமகக் குளம் இருக்கிறது, ஒரு சுற்று போய்வாருங்கள். அத்தானுக்குக் குளக்கரையில் பேச்சுத்துணைக்கா பஞ்சம்?

இவருக்குப் போன மாதம் பார்த்தது 5.8. தேநீரும் தட்டும் நடையும் சேர்ந்து கொண்டுவந்தது. பண்டிகை ஒன்றையும் விடவில்லை.

போன வருஷம் அதிரசத்துக்கு மாவு இடித்ததிலிருந்து எல்லாம் பெண்தான். ஈரம் உலர்ந்தும் உலராத அரிசியைக் கையில் பிடித்துப் பார்த்து, "அப்பாயி, இப்ப சரியா?" என்று வீடியோவில் காட்டினாள். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டினாள். தளர்ந்து உருண்டது. அத்தை அங்கிருந்து, "இறக்கு, இறக்கு, இதான் பதம்" என்று சத்தம் போட்டார். மாவு இரண்டு நாள் உறங்கியது. மூன்றாம் நாள் இலையில் தட்டிப் போட்டு, உப்பி மேலே வந்ததை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை அழுத்தி வடித்தாள். முதலில் வந்ததைச் சாமிக்கு வைத்தாள். இரண்டாவதை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை என் வாயில் போட்டாள். மறுபாதியைத் தான் தின்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று எடுத்தாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்டியால் அழுத்துவது அவளுக்குக் கையில் சுடுகிறதாம். அம்மாவுடைய அதிரசக்கட்டை பரண்மேல் பித்தளை அண்டாவுக்குள் இருக்கும். உனக்கு இந்த வருஷம் வேண்டும், சுட்டு முடித்ததும் யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு. அத்தானுக்கு அடுத்த டெஸ்ட் எப்போது என்றும் எழுது.

உன் தங்கை