கோயிலுக்குள் குடித்தனம்

பாஸ்டன்ல எங்க இருக்கேன்னு கேக்குறவங்களுக்கு என்னோட வழக்கமான பதில், "சர்ச்சுல". "என்னடா, சாமியாரா போயிட்டியா?"ன்னு உடனே அடுத்த கேள்வி வரும். இல்லைங்க, வாடகைக்கு இருக்கேன். ஒரு ஹால், ஒரு சமையலறை, மேல மரப்பலகைத் தளத்துல ஒரு கட்டில். ஒண்ணாம் தேதி வந்தா வயித்துல புளியைக் கரைக்கிற ஒரு வாடகை. அவ்வளவுதான் நம்ம துறவறம் :-)

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டின செங்கல் சர்ச் அது. கத்தோலிக்கக் கோயில். மூடிட்டாங்க, ஒரு பில்டர் வாங்கினார், உள்ளே தளம் போட்டு வீடுகளாகப் பிரித்து விற்றுவிட்டார். ரியல் எஸ்டேட்காரர்கள் பாஷையில் இதுக்குப் பேர் 'சர்ச் லாஃப்ட்'. லாஃப்ட்ங்கிற சொல்லே முதல்ல நியூயார்க்ல காலியான தொழிற்சாலை, கிடங்கு மாடிகளில் ஓவியர்கள் குடியேறினப்ப பிரபலமானது. அப்புறம் கூரை கொஞ்சம் உசரமா இருந்தாலே லாஃப்ட்னு பேர் வெச்சு வாடகையையும் உசத்திட்டாங்க.

முதல்ல என்கூட சேர்ந்து இருக்கிறதா சொன்ன மதுரை நண்பன், வீட்டைப் பார்த்ததுமே பின்வாங்கிட்டான். "மச்சி, சிவன் சொத்து குலநாசம்டா." நான் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரன், பிறந்ததிலிருந்து கத்தோலிக்கன். "இது சிவன் சொத்து இல்லடா, ஏசு சொத்து"ன்னேன். "அவரு மட்டும் சும்மா விட்டுருவாரா?"ன்னு கேட்டுட்டு சாமர்வில்ல ரூம் பார்த்துப் போயிட்டான். இத்தனைக்கும் பொட்டி தட்டுற பய.

மக்களே, சர்ச்சை வீடாக்குறது லேசுப்பட்ட காரியம் இல்ல. கோயில்ங்கிறது அடிப்படையில ஒரே பெரிய வெற்றிடம். அதுக்குள்ள மூணு நாலு தளம் போடணும். பழைய சுவர் மேல பாரம் ஏத்த முடியாதுன்னா, உள்ளுக்குள்ள தனியா இரும்புச் சட்டகம் நிறுத்தி அதுமேல தளம் போடுவாங்க. பெட்டிக்குள்ள பெட்டி. வெளியில இன்டர்ஃபேஸ் மாறாம உள்ள இருக்கிற கோடை முழுசா மாத்தி எழுதுற வேலைன்னு வெச்சுக்கோங்களேன். லெகசி சிஸ்டத்துல கை வெச்சவங்களுக்கு அந்த வலி புரியும்.

பெரிய தலைவலி ஜன்னல்தான். இருபதடி உசரக் கூர்வளைவு ஜன்னலுக்கு நடுவுல தளம் வந்து குறுக்கிடும். கீழ்வீட்டுக்காரருக்கு ஜன்னலோட இடுப்பு, எனக்குத் தலை. என் ஹால்ல ஜன்னல் தரையிலிருந்தே ஆரம்பிச்சு, போகப் போகக் குறுகி, உச்சியில கூம்புது. இதுக்குத் திரைச்சீலை எந்தக் கடையிலயும் கிடையாது. ஜூன் மாசம் காலை அஞ்சு மணிக்கே சூரியன் முகத்துல அறையும். கூரையைத் தாங்குற மர உத்திரம் ஒண்ணு படுக்கையறைக்குக் குறுக்கே போகுது. முதல் மாசத்துல நாலு தடவை நெத்தியில வாங்கினேன். குளிர்காலத்துல சூடான காத்து மொத்தமும் மேல ஏறிடும். கட்டில்ல வேர்க்கும், சோபாவுல ஸ்வெட்டர் போடணும். சுவர் கனத்துக்கு வைஃபை அடுத்த அறைக்குப் போகவே மன்றாடும். கூரையில சிலேட் ஓடு பெயர்ந்தா செலவு எல்லா வீட்டு உரிமையாளர் தலையிலயும் விழும், அப்புறம் அது நம்ம வாடகையில வந்து இறங்கும்.

இவ்வளவு இருந்தும் ஏன் இருக்கேன்? முதல் தடவை உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தப்ப வாயடைச்சுப் போச்சு. வேற காரணம் இல்ல.

பாஸ்டன்ல இந்த மாதிரி நிறைய இருக்கு. தெற்கு பாஸ்டனில் அயர்லாந்துக்காரர்கள் பஞ்சம் பிழைக்க வந்த காலத்தில் எழும்பிய புனித பேதுரு பவுல் ஆலயம் இப்ப குடியிருப்பு. சவுத் எண்டில் ஜெர்மன் கத்தோலிக்கர்கள் 1870-களில் கட்டிய ஹோலி டிரினிட்டி ஆலயம் 2008-ல் மூடப்பட்டது. கற்சுவரை மட்டும் விட்டுவிட்டு, அதற்குள்ளிருந்து எட்டு மாடி இரும்பும் கண்ணாடியுமாக எழுப்பி 33 வீடுகள் ஆக்கினார்கள். பேர் 'தி லூகாஸ்'. பக்கத்து ஊர் புரூக்லைனில் புனித எய்டன் ஆலயம். ஜான் எஃப். கென்னடிக்கு 1917-ல் ஞானஸ்நானம் கொடுத்த கோயில். 1999-ல் மூடி, பிறகு அதுவும் வீடுகளானது. அந்த வளாகத்தில் வசதி குறைந்தவர்களுக்கும் சேர்த்துக் கட்டினார்கள் என்பது ஒரு ஆறுதல்.

கோயிலை எதுக்கு மூடினாங்க? அதைச் சொல்லாம வீட்டோட அழகை மட்டும் பேசுறது சரியில்ல.

போருக்குப் பிந்தைய வருஷங்களில், கட்டினவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காரும் தோட்டமுமாகப் புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். பூசைக்கு வரும் கூட்டம் குறைந்தது, குருமார் குறைந்தார்கள், கூரை மட்டும் வருஷா வருஷம் செலவு வைத்தது. 2002-ல் பாஸ்டன் குளோப் பத்திரிகை, சிறுவர்களைச் சீரழித்த பாதிரியார்களையும் அதை மூடி மறைத்த மேலிடத்தையும் அம்பலப்படுத்தியது. ('ஸ்பாட்லைட்' படம் பார்த்திருப்பீங்க, 2015-ல் வந்தது.) 2003-ல் பாதிக்கப்பட்ட 552 பேருக்கு 8.5 கோடி டாலர் தர மறைமாவட்டம் ஒப்புக்கொண்டது. 2004 மே மாதம் 357 பங்குகளில் 65 மூடப்படும் என்று பேராயர் ஷான் ஓ'மாலி அறிவித்தார். நஷ்டஈட்டுக்காக மூடவில்லை, ஆளும் பணமும் குருக்களும் இல்லாததால்தான் என்றது மறைமாவட்டம். ஜனங்க பல பேர் அதை நம்பலை.

சில ஊர்களில் கோயிலை விட்டு வெளியே வரவே மாட்டோம்னு உட்கார்ந்துட்டாங்க. சிட்டுவேட்டுங்கிற கடலோர ஊர்ல புனித பிரான்சிஸ் சேவியர் கப்ரினி ஆலயத்துல 2004 அக்டோபர்ல ஆரம்பிச்ச காவல் 2016 மே வரைக்கும் நடந்தது. பதினோரு வருஷத்துக்கு மேல! முறை வெச்சு ராத்தூக்கம் அங்கேயே தூங்கி, கோர்ட்டு கோர்ட்டா ஏறி, கடைசியில அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்த பிறகுதான் எழுந்து போனாங்க. இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி என் வீட்டு மரக்கூரையைப் பார்த்துக்கிட்டே படுத்திருந்தேன். தூக்கம் வரலை.

மூடின கோயிலை என்ன வேணா பண்ணலாமா? திருச்சபைச் சட்டத் தொகுப்புல 1222-ஆம் விதி இதைப் பத்திப் பேசுது. வழிபாட்டுக்குப் பயன்படாத கோயிலை ஆயர் உலகியல் பயன்பாட்டுக்கு விடலாம், ஆனா அந்தப் பயன்பாடு இழிவானதா இருக்கக்கூடாது. குடித்தனம் இதுல தேறிடும். இன்னொரு விதி பீடத்தைப் பத்தி. கோயில் வேற பயன்பாட்டுக்குப் போனாலும் பீடம் தன் புனிதத்தை இழக்காது. அதனால வீடாக்குறதுக்கு முன்னாடி பீடத்தை எடுத்துடணும்.

இந்த ரெண்டு விதியையும் நான் தேடிப் படிச்சதே அம்மாவால.

2023 செப்டம்பர்ல அம்மா வந்தாங்க. பொட்டியை இறக்கி வைக்கிறதுக்கு முன்னாடியே முதல் கேள்வி: "ஏய்யா, பீடம் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

பழைய வரைபடம் ஒண்ணு கீழே கூடத்துல மாட்டியிருக்கு. அதைக் காட்டினேன். பீடம் இருந்த இடத்துல இப்ப லிஃப்ட். அம்மா லிஃப்ட்டுக்குள்ள நுழையுறப்பல்லாம் சிலுவை போட ஆரம்பிச்சாங்க. லிஃப்ட்டுக்குப் பயந்துதான் போடுறாங்கன்னு நினைச்ச பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி, தட்டிக் கொடுத்து தைரியம் சொன்னாங்க.

அடுத்து நம்ம வீடு. நாங்க மூணாம் தளம். ஜனங்க உட்கார்ந்திருந்த இடத்துக்கு முப்பதடி மேல. அந்தக் காலத்துல இங்க வெறும் காத்துதான். அம்மா யோசிச்சுட்டு, "அப்ப இது சாம்பிராணிப் புகை மட்டும் வந்த இடம். பரவால்ல, இருக்கலாம்"னு தீர்ப்பு சொன்னாங்க.

ரெண்டு வாரம்தான். டார்செஸ்டர்ல ஒரு வியட்நாமியக் கடையில கருவாடு கண்ணுல பட்டுருச்சு. சனிக்கிழமை மத்தியானம் கட்டடம் முழுக்க மணம். 1222-ஆம் விதிப்படி கருவாடு இழிவான பயன்பாட்டுல வருமான்னு எனக்குப் பெரிய சந்தேகம். "சாம்பிராணி வந்த இடத்துல கருவாடு பொரிக்கலாமாம்மா?"ன்னு கேட்டேன். கரண்டியைத் திருப்பிக்கிட்டே சொன்னாங்க: "பேதுரு என்ன ஐடி கம்பெனியிலயா வேலை பார்த்தாரு?"

மாடிப்படி திருப்பத்துல பழைய வண்ணக் கண்ணாடி ஒரே ஒரு துண்டு மிச்சம் இருக்கு. அடியில, இன்னாருடைய நினைவாக அவர் பிள்ளைகள் கொடுத்ததுன்னு எழுத்து. அயர்லாந்துப் பேர். ரெண்டு வருஷமா அதைத் தாண்டிப் போயிருக்கேன், எனக்கு அது ஒரு டிசைன். அம்மா என்னை விட்டு அந்தப் பேரைப் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. நவம்பர் எங்களுக்கு ஆத்துமாக்களோட மாசம். முப்பது நாளும் அங்க நின்னு அந்தப் பேருக்கு ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னாங்க. உச்சரிப்புதான் கொஞ்சம் அப்படி இப்படி. நாலுமாவடிக்காரர் மாதிரி ஆக்கிட்டாங்க.

ஒருநாள் கேட்டாங்க, "இவ்வளவு பெரிய கோயிலை யாருய்யா கட்டுனது? ராசாவா?" இல்லம்மா, கப்பல்துறையில மூட்டை தூக்கினவங்க, வீட்டு வேலை பார்த்த பொம்பளைங்க, அவங்க போட்ட சில்லறைக் காசுன்னு சொன்னேன். "அப்ப நம்ம ஊர் தெறிப்பு மாதிரி"ன்னாங்க.

கடற்கரை ஊர்க்காரங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்காகச் சொல்றேன். மீன்பாட்டுல ஒரு பங்கை கோயிலுக்குன்னு ஒதுக்குறதுதான் தெறிப்பு. எங்க ஊர் கோயில் கோபுரம் அப்படி எழும்பினதுதான். தாத்தா கடல்ல இருந்து வந்து, வீட்டுக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி அதை எடுத்து வைப்பாராம்.

அப்புறம் அம்மா குரலை இறக்கி ஒண்ணு சொன்னாங்க. "இப்ப நம்ம கோயில்லயும் சாதாரண நாள் பூசைக்குக் கிழடுகட்டைகதான்யா. பயலுவ கப்பலுக்கும் கல்ஃபுக்கும் உன்ன மாதிரி இங்கயும் போயிட்டானுவ. திருவிழாவுக்குத்தான் கூட்டம்."

எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. இந்தச் சுவரைக் காலி பண்ணது பில்டர் இல்ல. பில்டர் கடைசியா வந்தவர். பிழைப்பு தேடி நகர்ந்து போன பிள்ளைங்க கொஞ்சம் கொஞ்சமா காலி பண்ணினாங்க, மிச்சம் இருந்த நம்பிக்கையை அந்தப் பாதிரியார்கள் காலி பண்ணினாங்க. அந்தப் பிள்ளைங்க போனதை நான் குத்தம் சொல்ல முடியாது. நானும் அப்படிப் போனவன்தானே. ஒரு ஊர்ல கோயிலை விட்டுட்டுக் கிளம்பினவன், இன்னொரு ஊர்ல அப்படி விட்டுட்டுப் போன கோயிலுக்குள்ள வாடகைக்கு இருக்கேன். கட்டினவங்க பேரப்பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு இங்க வாடகை கொடுக்கக் கட்டுப்படியாகாதுங்கிறதையும் சேர்த்துச் சொல்லிடணும்.

இடிக்கிறதுக்கு வீடாக்குறது மேல். ராத்திரி ஜன்னல்கள்ல வெளிச்சம் தெரியுது, யார் வீட்டிலயோ குழந்தை அழுவுது, கட்டடம் உயிரோட இருக்கு. ஆனா சும்மா அனுபவிச்சுட்டுப் போக முடியாதுங்கிறது அம்மா கட்சி. பிப்ரவரியில ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் சொன்னாங்க: "கோயில்ல இருக்க. தெறிப்பு குடுக்கணும்யா. உனக்குச் சம்பளந்தான் மீன்பாடு."

இந்தக் கோயிலை மூடினப்ப இதன் ஜனங்களைப் பக்கத்துப் பங்கோடு சேர்த்துட்டாங்க. அந்தக் கோயில்ல வாராவாரம் இல்லாதவங்களுக்கு அரிசி, பருப்பு, டப்பா உணவு கொடுக்கிறாங்க. இப்ப அங்க வரிசையில நிக்கிறவங்கள்ல பலர் ஹைத்தியிலயும் மத்திய அமெரிக்காவிலயும் இருந்து புதுசா வந்தவங்க. மாசச் சம்பளம் வந்ததும், வாடகைக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி, ஒரு பங்கு அங்க போகுது. எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன், தாத்தா எவ்வளவுன்னு யார்கிட்டயும் சொன்னதில்லையாம்.

மே மாசம் லீஸ் முடியுது. ஓனர் வாடகையை ஏத்தப்போறதா மெயில் அனுப்பியிருக்கார். இருப்பேனா கிளம்புவேனான்னு தெரியலை. கிளம்பினாலும் தெறிப்பு நிக்காது, அது முடிவாயிருச்சு.

பி.கு.: கூர்வளைவு ஜன்னலுக்குத் திரை தைக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ஜூன் வரப்போகுது :-(