வலப்பக்கம் போன மணல்

பேராதனைக்கும் கெட்டம்பேக்கும் இடையில் மகாவலி ஆறு வற்றும்போது கரையோரம் மணற்திட்டு தலைகாட்டும். அதில் கிடக்கும் மணல்வரிகளைப் படமெடுத்து, கணினி வரைந்த வரிகளோடு ஒப்பிடுவதுதான் கொஞ்சக் காலமாக என் வேலை.

நிரல் சின்னது. நிஷிமோரி, ஓவுச்சி என்ற ஆய்வாளர்கள் 1993இல் காற்றடிக்கும் மணலுக்குச் சொன்ன வழி: மேட்டிலிருந்து எழும்பும் மணல் தள்ளிப் போய் விழும், விழுந்தது சரிந்து அக்கம்பக்கம் பரவும். இரண்டே விதி.

முதலில் வரிக்கு வரி இடைவெளியை அளந்தேன். தாவும் தூரத்தைத் திருகித் திருகித் திரையிலும் அதையே வரவழைத்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு கிழமை தாங்கியது. விடையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் யாருக்குத்தான் சரிவராது?

பிறகுதான் முடிச்சுகளைப் பார்த்தேன்: வரி இரண்டாகக் கிளைக்கும் இடம், நடுவில் அறுந்து நிற்கும் நுனி. நிரல் ஓட ஓட இவை தீர்ந்துபோய்ச் சீப்புப் பற்கள் மிஞ்சும். ஆற்றிலோ அடிக்கு ஒரு முடிச்சு. ஆற்றுக்கு அவ்வளவு அவகாசம் ஏது? மேலே கொத்மலை அணையில் மின்சாரத்துக்கு விடும் நீர் ஏறி இறங்கும். வடியும் நீர் குறுக்கே ஓடி, பழைய வரிகளுக்கு நடுவே ஏணிப்படிபோலச் சின்ன வரிகளைப் போட்டுவிட்டுப் போகும். குனிந்து பார்த்தால் பள்ளங்களில் அப்பிரகத் தகடுகள் மினுங்கும். என் நிரலில் எல்லா மணலும் ஒரே மணல்.

இதைவிடப் பெரிய பிழை, காற்றின் விதியை ஆற்றுக்குப் போட்டது. காற்றில் மணல் பாய்ந்து விழுந்து மற்றதை முட்டித் தள்ளும். நீரில் பாய்ச்சல் குட்டை. முகட்டைத் தாண்டிய நீர் சுழன்று பள்ளத்தைப் பறிக்கிறது. ஹெர்தா அயர்டன் தொட்டியில் நீரை ஆட்டிப் பார்த்து, மணல்வரி பற்றி 1904இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். அங்கே தன் கட்டுரையைத் தானே வாசித்த முதல் பெண் அவர். தொண்ணூறு வருடம் பிந்திய நிரலைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்தத் தொட்டியை மறந்திருந்தேன்.

திட்டில் மணல் அள்ளும் ஒருவர் ஒருநாள் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார்.

“தம்பி, வலப்பக்கம் போற மணல் எங்க போகுது?”

“இடப்பக்கமாத் திரும்பி வந்திரும்ணே.” எல்லையைச் சமாளிக்க எல்லாரும் செய்கிற வித்தைதான்.

“அப்படின்னா நாங்க அள்ள அள்ளக் குறையாதே!”

அன்றிரவே வலப்பக்கத்தைத் திறந்துவிட்டேன். இடப்பக்கம் எவ்வளவு மணல் விடுவதென்று இன்னும் பிடிபடவில்லை. ஒவ்வொரு முறையும் வரிகள் நன்றாகப் பிறக்கின்றன. கொஞ்ச நேரத்தில் திட்டே கரைந்து போய்விடுகிறது.