அப்பா பேசிய சீனம்

சீனாவுக்குப் போகிறேன் என்றதும் ஜொகூர்பாருவில் என் அலுவலகத்தில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன சாமான் வாங்கப் போற?" குவாங்சோ என்று நினைத்துக்கொண்டார்கள். நான் போனது சுவான்சோ. பூஜியான் மாநிலத்துக் கடற்கரையில், 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரம். பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் விமானச் சீட்டை மூன்று முறை சரிபார்த்துக்கொண்டேன்.

ஏன் சுவான்சோ? காரணம் என் அப்பாவின் தவ்க்கே. அப்பா மூவாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் லோரி ஓட்டினார். முதலாளியின் பெற்றோர் சுவான்சோவைச் சேர்ந்த எங்சுன் மலைப்பகுதியிலிருந்து வந்தவர்கள். மூவார்ச் சீனர்களில் பலருக்கும் அதுதான் பூர்வீகம். "ஒரு நாள் உன்னை எங்க ஊருக்குக் கூட்டிப் போறேன்" என்று தவ்க்கே அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். தவ்க்கே முதலில் போய்ச் சேர்ந்தார், பிறகு அப்பா. இருவரும் போனது வேறு ஊருக்கு.

2023 டிசம்பர் முதல் நமக்குச் சீனா போக விசா வேண்டாம் என்றானது. கூட வருவதாக இருந்த தோழி கடைசி வாரத்தில் கையை விரித்துவிட, தனியாகவே கிளம்பினேன்.

முதல் நாள் கைப்பேசிதான் எனக்குத் தாயும் தகப்பனும். அங்கே விடுதி வைஃபையில் கூகுளும் வாட்சாப்பும் திறக்காது. நம் எண்ணின் ரோமிங் தரவைப் போட்டுக்கொண்டால் இரண்டும் வேலை செய்யும். கையில் காசு வைத்திருப்பவர்களைக் காண்பதே அரிது. அலிபே செயலியில் நம் வங்கி அட்டையை இங்கேயே இணைத்துவிட்டுப் போவது நல்லது. நம் டச் அன் கோ மின்பணப்பையைக்கூடப் பல கடைகளில் காட்டலாம். நீங்கள் பணம் செலுத்தியதும் கல்லாப் பக்கம் இருக்கும் குட்டி ஒலிபெருக்கி, இவ்வளவு யுவான் வந்தது என்று ஒரு பெண் குரலில் அறிவிக்கும். கடைக்குக் கடை ஓர் அறிவிப்பாளர்! தொழில் பாசத்தில் முதல் ஒரு மணி நேரம் அந்தக் குரலையே கேட்டுக்கொண்டு நடந்தேன். மின்சார மோட்டார் சைக்கிள்கள் சத்தமில்லாமல் முதுகுப் பக்கம் வந்து நின்றதில் இரண்டு முறை உயிர் போய் வந்தது.

சிக்கல் இரவு உணவில் தொடங்கியது. சுவான்சோவில் மாட்டிறைச்சிச் சூப்பு பிரபலம். வீட்டில் அது பழக்கமில்லாத நான், மொழிபெயர்ப்புச் செயலியில் "மாட்டிறைச்சி வேண்டாம்" என்று தட்டிக் காட்டினேன். கடைக்காரத் தம்பி படித்துவிட்டுத் தலையாட்டினான். வந்த கிண்ணத்தில் இறைச்சித் துண்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் சூப்பே மாட்டெலும்புச் சூப்பு. அவனைக் குறை சொல்ல முடியாது. நான் தட்டியதும் அவ்வளவுதானே. அன்றிரவு பையில் இருந்த பிஸ்கட்டும் சுடுநீரும்தான் துணை.

மறுநாள் காலை மேற்குத் தெருவில் இருக்கும் கையுவான் கோயிலுக்குப் போனேன். 686-இல் தொடங்கிய பௌத்தக் கோயில். முன்னால் இரண்டு பெரிய கற்கோபுரங்கள். எல்லாரும் அவற்றின் முன்னால்தான் படம் எடுக்கிறார்கள். நான் நேராகப் பெரிய மண்டபத்தின் பின்புறத் தாழ்வாரத்துக்குப் போனேன். அங்கே இரண்டு கல்தூண்கள். அவற்றில் சின்னச் சின்ன வட்டங்களுக்குள் சிற்பங்கள். ஒன்றில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், இன்னொன்றில் கண்ணன். புத்தர் கோயிலில் நம் சாமிக்கு என்ன வேலை? இந்த ஊரில் ஒரு காலத்தில் தமிழ் வணிகர்கள் கட்டிய கோயில் இருந்தது. அது அழிந்தபின் தூண்கள் இங்கே வந்து சேர்ந்தன. ஊரின் கடல்சார் வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு யானை லிங்கத்தை வழிபடும் சிற்பமும் இருக்கிறது. திருவானைக்கா கதை தெரிந்தவர்களுக்கு அதன் முன்னால் கொஞ்ச நேரம் கால் நகராது.

இவற்றுக்கெல்லாம் சாட்சியாக ஒரு கல்வெட்டு உண்டு. 1956-இல் கிடைத்தது. மூன்று நாள் பயணத்தில் அந்தக் கல்லை நேரில் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. அதன் வாசகத்தை மட்டும் படித்துவிட்டுப் போயிருந்தேன். 1281-ஆம் ஆண்டு சித்திரையில், குப்லாய் கான் சீனாவை ஆண்ட காலத்தில், சம்பந்தப்பெருமாள் என்பவர் ஒரு கானின் உடல்நலத்துக்காக இங்கே சிவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது அது. எழுத்து தமிழ், கடைசியில் ஒரு வரி சீனம். கானின் ஆணையைக் குறிக்கும் இடத்தில் 'பர்மான்' என்று இருக்கிறது. அது பாரசீகச் சொல். துறைமுகத்தில் புழங்கிய சொல்லை, சாமிக்கு வைத்த கல்லிலேயே கூச்சமில்லாமல் வெட்டிவைத்திருக்கிறார்கள்.

அந்தத் தாழ்வாரத்தில் நின்றபோது எனக்கு நினைவு வந்தது வேறொரு விஷயம். அதைச் சொல்லாமல் மேலே எழுத முடியவில்லை.

வானொலியில் சேர்ந்த புதிதில், மூவாரில் ஒரு திறந்தவெளி நேரலை நிகழ்ச்சி நடத்தினோம். அப்பா புதுச் சட்டை போட்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் பேச்சு எப்படி இருக்கும் என்றால், பாதி தமிழ், கால் பங்கு மலாய், மீதி ஹொக்கியன். நன்றிக்கு 'கம்சியா', மன்னிப்புக்கு 'பாய்சே', எங்களைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கே 'சியா பா போய்?' ஊடகப் படிப்பு முடித்து, 'ழ'கரம் பழகி, சுத்தத் தமிழில் பேசிப் பெயரெடுக்கத் துடித்துக்கொண்டிருந்த எனக்கு அது மானப் பிரச்சினை. நிகழ்ச்சிக்கு முன் அவரிடம் போய், "அப்பா, மைக் கொடுத்தா நல்ல தமிழ்ல பேசுங்க. வரலேன்னா பேச வேணாம்" என்றேன். தெருவையே நிறுத்திவைத்துக் கதை சொல்லும் மனிதர், மைக் வந்ததும் "வணக்கம்" என்றார். அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை சுன்பூ என்ற மீனவர் குடியிருப்புக்குப் போனேன். அங்குள்ள பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்ட வட்டமாகப் பூச்சரம் வைப்பார்கள். இப்போது சுற்றுலாப் பெண்களெல்லாம் வரிசையில் நின்று காசு கொடுத்துப் பூ வைத்துக்கொள்கிறார்கள். தைப்பூசத்துக்குத் தலை நிறையப் பூ வைத்தே பழகிய எனக்குப் பெரிய வியப்பில்லை. நான் வைத்துக்கொள்ளவில்லை.

திரும்பும்போது பசி. மேற்குத் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் சின்னக் கடை. அண்டாவில் மீசுவாக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கல்லாவில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் ஆச்சி. செயலியைத் திறந்தேன். கைப்பேசியில் மின்சாரம் இரண்டு விழுக்காடு; திறந்த வேகத்தில் அணைந்தது. ஆச்சி மாண்டரினில் ஏதோ கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது வாய் தானாகச் சொன்னது: "கூ-பா மாய்."

மாட்டிறைச்சி வேண்டாம். மூவாரில் எந்தச் சீனர் கடைக்குப் போனாலும் அப்பா உட்காருவதற்கு முன் சொல்லும் வாசகம். நான் அதை ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆச்சி கரண்டியை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு. உள்ளே யாரையோ கூப்பிட்டார். மகனும் பேத்தியும் வந்தார்கள். ஆச்சி என்னிடம் கேட்கிறார், நான் அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பத்திருபது சொற்களை வைத்துக் குத்துமதிப்பாகப் பதில் சொல்கிறேன். பேத்திக்குப் பாதி புரியவில்லை. அவள் பள்ளியிலும் வெளியிலும் பேசுவது மாண்டரின்தானாம், அவளது கைப்பேசிச் செயலி வழியாக நான் பிறகு தெரிந்துகொண்டது. எந்த ஊர் என்று கேட்டார்கள். "மலேசியா, மூவார்" என்றேன். முழித்தார்கள். "மாப்போ" என்றேன், மூவாருக்குச் சீனர்கள் வைத்திருக்கும் பெயர். ஆச்சி மேசையைத் தட்டினார். அவருடைய சித்தப்பா ஒருவர் சின்ன வயதில் கப்பலேறிப் போனது மாப்போவுக்குத்தானாம். போனவர் திரும்பவில்லை, கொஞ்ச காலம் கடிதமும் பணமும் வந்துகொண்டிருந்தன.

இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். அப்பா என்றேன். அப்பா வரவில்லையா என்று கையால் வாசலைக் காட்டினார். எனக்குத் தெரிந்த ஹொக்கியனில் அதற்கு ஒரே சொல்தான் இருந்தது. "போ" என்றேன். 'இல்லை' என்று பொருள். ஆச்சி வேறெதுவும் கேட்காமல் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

பத்து யுவான், அப்போது நம் பணத்தில் ஆறு வெள்ளிச் சொச்சம். பேத்தியின் மின்னேற்றியில் கைப்பேசிக்கு உயிர் வந்ததும் செலுத்தினேன். ஒலிபெருக்கிப் பெண் அறிவித்தாள். கிளம்பும்போது ஆச்சியிடம் கைப்பேசியை நீட்டி, 'சியா பா போய்' சொல்லச் சொன்னேன். நாம் 'பசியாறியாச்சா' என்று கேட்போமே, அதேதான். அவர் வெட்கப்பட்டு, முந்தானை இல்லாத சட்டையைச் சரிசெய்துகொண்டு, நேரலைக்கு வந்த விருந்தினர்போல் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். நான் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை.

அதை மூவாரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடம் கழித்துக் குரல் பதிவு வந்தது.

"உங்கப்பா கடைசியில இழுப்பாரே, அதே இழுவைடி. யாரு அது?"

பின்னாலேயே இன்னொன்று. "சரி, நீ சாப்பிட்டியா?"