85 மில்லிமீட்டர்

அப்பாவிடம் ஒரு சிவப்பு மடக்குக் கத்தி இருந்தது. சவூதியிலிருந்து மாமா கொண்டுவந்த வெங்கர். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவருக்கு பிளேடு பெரிய விஷயமில்லை. அதிலிருந்த குத்தூசிதான் வேண்டும். தெருவில் யார் பெல்ட்டுக்கு ஓட்டை போடவும் அதைத்தான் எடுப்பார். காலேஜ் நாட்களில் ஒரு பெட்டியை நெம்பப் போய் அதன் முனையை உடைத்துவிட்டேன். அப்பா திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சம்பாதிக்க ஆரம்பித்ததும் அதே கத்தியைத் தேடினேன். கிடைக்கவில்லை. ஸ்விஸ் ராணுவத்துக்குப் பல வருஷம் கத்தி கொடுத்த கம்பெனிகள் இரண்டு: விக்டோரினாக்ஸ், வெங்கர். 2005-ல் வெங்கரை விக்டோரினாக்ஸ் வாங்கியது. 2013-ல் வெங்கர் பெயரில் இனி கத்தி வராது என்று அறிவித்தார்கள். வெங்கரின் வழக்கமான நீளம் 85 மில்லிமீட்டர். விக்டோரினாக்ஸிடம் ஏற்கெனவே 84-ம் 91-ம் இருந்தன. சில 85 மாடல்கள் வேறு பெயரில் தொடர்ந்தன. அப்பாவுடையது அதில் இல்லை.

“ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தானேப்பா, அதையும் செஞ்சா என்ன?”

“ஒரு மில்லிமீட்டர்னாலும் தனி டை போடணும்டா.”

ஷூ கணக்கிலேயே சொன்னார். மேல்பாகத்துக்கு 10 துண்டு, 8 சைஸ் என்றால் 80 டை. ஆர்டரில் நடு சைஸ்கள் குவியும், ஓரத்து சைஸ் கொஞ்சம்தான் வரும். ஆனால் டை அடிக்கிற செலவு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கத்தியும் அப்படித்தான். நீளம் மாறினால் பிளேடு, ஸ்பிரிங், கைப்பிடி எல்லாமே தனியாகச் செய்து தனியாக ஸ்டாக் வைக்க வேண்டும்.

“வேணாம்னு யாரும் நிறுத்தறதில்ல. கொஞ்ச பேருக்குத்தான் வேணும்னு நிறுத்துவாங்க.”

இதைச் சொல்லும்போது ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். பையன்கள் போடும் ஸ்கூல் ஷூ. அப்பாவின் கால் 5-ஆம் சைஸ். எங்கள் ஊர்க் கடைகளில் ஆண்கள் ஷூ 6-ல்தான் தொடங்கும். முப்பது வருஷம் வெளிநாட்டுக் கால்களுக்குத் தோல் வெட்டிய மனுஷன் இத்தனை நாளும் ஸ்கூல் ஷூ போட்டுத்தான் வேலைக்குப் போனார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நானும் இதே வேலையைத்தான் செய்கிறேன். போன மாதம்கூட எங்கள் ஆப்பில் ஒரு பட்டனை எடுக்கச் சொன்னார்கள். ஒரு சதவீதம் பேர்கூட அழுத்துவதில்லை, ஆனால் ஒவ்வொரு ரிலீஸிலும் டெஸ்ட் பண்ணியாக வேண்டும். கணக்கு சரிதான். எடுத்துவிட்டேன். எடுப்பதற்கு முன்னால், முதல்முறையாக, அதை யார் அழுத்துகிறார்கள் என்று பார்த்தேன். பெயர்கள் இல்லை, எண்கள்தான். ஒரு எண் தினமும் காலையில் வந்திருந்தது.