எத்தனை இன்ச்?

டி.வி. வாங்கக் கடைக்குப் போயிருக்கிறீர்களா? உள்ளே காலை வைத்ததும் கேட்கிற முதல் கேள்வி, 'எத்தனை இன்ச் சார்?' இரண்டாவது கேள்வி, 'பட்ஜெட் எவ்வளவு?' யார் பார்ப்பதற்கு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கடைக்காரரைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கே அது தோன்றவில்லை.

எங்கள் வீட்டு 32 இன்ச், ஒன்பது வருஷம் உழைத்துவிட்டு 2025 அக்டோபரில் ஒருநாள் திரை முழுக்கக் கோடு கோடாக இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. மெக்கானிக் வந்தார். பின்பக்க மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். "பேனல் போச்சு சார். இதை மாத்தற காசோட இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம்."

அம்மாவிடம் சொன்னேன். 78 வயது. ரிடையரான தமிழ் டீச்சர். "எனக்காகன்னா வேணாம்டா. நான் எங்க இப்பல்லாம் டி.வி. பாக்கறேன்?" என்றாள்.

உண்மைதான். ஒரு வருஷமாகவே ஏழு மணிக்கு மேல் அம்மா ஹாலில் இருப்பதில்லை. தன் அறைக்குப் போய்விடுவாள். வயசாகிவிட்டது, களைப்பு, சீரியல் அலுத்துவிட்டது என்று நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டிருந்தேன். வசதியான காரணங்களை நாம் ஆராய்வதில்லை, இல்லையா?

பட்ஜெட் 25,000 ரூபாய். இந்தத் தொகைக்குச் சுவரையே அடைக்கிற டி.வி. வராது, கேவலமான டி.வி.யும் வராது. நடுவாந்திரம். நம்மில் பலருடைய வாழ்க்கை மாதிரி.

வீட்டுப்பாடம் செய்துவிட்டுத்தான் போனேன். நீங்களும் செய்யுங்கள், சுலபம். இன்ச் என்று சொல்வது திரையின் மூலைக்கு மூலை அளவு. 43 இன்ச் என்றால் அகலம் 95 சென்டிமீட்டர், உயரம் 54 சென்டிமீட்டர் வரும். அந்த அளவுக்குப் பழைய பேப்பரை ஒட்டி, வெட்டி, சுவரில் செலோடேப் போட்டு மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள். பரவாயில்லை. கடையில் ஐம்பது டி.வி.க்கு நடுவில் சின்னதாகத் தெரிவது, பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் எப்படித் தெரியும் என்பதை இந்தப் பேப்பர் சொல்லிவிடும். சுமாராகத் திரை அளவைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரத்தில் உட்காரலாம். எங்கள் வீட்டில் சுவருக்கும் சோபாவுக்கும் ஏழடி. 43 கச்சிதம். 32-ஐவிடப் பரப்பு எண்பது சதவீதம் அதிகம்.

வரி சமாசாரம் ஒன்று உண்டு. 2019 ஜனவரியிலிருந்து 32 இன்ச் வரை 18 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் போனால் 28. நடுத்தரக் குடும்பத்தின் கண் 32 இன்ச்சோடு நின்றுவிட வேண்டும் என்று யாரோ கோடு போட்ட மாதிரி. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டை அழித்துவிட்டார்கள். பெரிய டி.வி.க்கும் 18 சதவீதம்தான்.

தீபாவளித் துணி எடுக்கப் போன கையோடு டி.வி. கடைக்குள் நுழைந்தோம். நான், மனைவி, பிளஸ் டூ படிக்கும் பையன், அம்மா. அம்மா, "நான் வெளியிலயே நிக்கறேனே" என்றாள். ஏ.சி. இருக்கிறது என்று உள்ளே அழைத்துப் போனோம்.

சேல்ஸ்மேன் சின்னப் பையன். சுறுசுறுப்பு. 4கே திரையில் கிளி பறந்தது, பெயின்ட் வழிந்தது, எந்த ஊரோ தெரியாத கடற்கரை மின்னியது. "கலர் பாருங்க சார்!" கலர் இருக்கத்தான் செய்யும். கடையில் எல்லா டி.வி.யையும் வெளிச்சத்தை உச்சத்தில் ஏற்றி, ஷோரூமுக்கென்றே இருக்கிற மோடில் வைத்திருப்பார்கள். வீட்டில் முதல் தடவை போடும்போது 'வீடா, கடையா' என்று டி.வி.யே கேட்கும், மறக்காமல் வீடு என்று சொல்லுங்கள். அப்புறம், கடையில் ஓடுவது 4கே-வுக்கென்றே எடுத்த படம். நம் வீட்டுக்கு வருவது என்ன? சாதா கேபிள் சேனலில் ஒரு காட்சிக்கு நாலே கால் லட்சத்துக்கும் குறைவான புள்ளிகள். 4கே திரையில் 83 லட்சம். ஒரு லிட்டர் பாலை இருபது லிட்டராக்குகிற வேலையை டி.வி. செய்தாக வேண்டும். "ஒரு சாதா சேனல் போட்டுக் காட்டுப்பா" என்றேன். பையன் முகம் வாடிவிட்டது. ஆனால் போட்டான்.

இன்னொரு சோதனையும் செய்தேன். நேராகப் பார்க்காமல் ஓரத்தில் போய் நின்று பார்த்தேன். சில திரைகளில் ஓரத்திலிருந்து பார்த்தால் ஆள் முகம் வெளிறிப் போகும். சிலதில் அப்படியே இருக்கும். முதல் வகையை வி.ஏ. பேனல் என்கிறார்கள், இரண்டாவதை ஐ.பி.எஸ். இருட்டான அறையில் நேரெதிரே உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு முதலாவது நல்லது, கறுப்பு கறுப்பாகவே தெரியும். ஆளாளுக்கு ஒரு மூலையில் உட்காரும் வீட்டுக்கு இரண்டாவது.

"இன்னும் பத்தாயிரம் போட்டா 55 வந்துரும் சார், ஈ.எம்.ஐ. இருக்கு" என்றான் பையன். என் மகனின் கண் விரிந்தது. நான் காதில் விழாத மாதிரி நின்றேன்.

அப்போதுதான் அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "தம்பி, இதுல பேசறது கேக்குமா?"

பையன் சிரித்தான். "என்ன பாட்டி இப்படிக் கேட்டுட்டீங்க? 20 வாட்ஸ்!" என்று ஒலியைக் கூட்டினான். கடை அதிர்ந்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா தலையை ஆட்டினாள். "சத்தம் கேக்குது தம்பி. பேச்சு கேக்கலை."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எண்பதுகளில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் டி.வி. கறுப்பு வெள்ளை. மரப்பெட்டி, இழுத்து மூடுகிற ஷட்டர். ஞாயிற்றுக்கிழமை படத்துக்கும் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்கும் தெருவே எங்கள் கூடத்தில் உட்காரும். எத்தனை இன்ச் என்று எவரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. அந்தக் கூட்டத்தில் அம்மா மட்டும் இருக்க மாட்டாள். அடுப்படியில் இருப்பாள். வந்தவர்களுக்குத் தண்ணீர், எங்களுக்கு ராத்திரி டிபன். ஆனால் படம் முடிந்ததும் கதையை எங்களைவிட ஒழுங்காகச் சொல்வாள். வசனத்தில் இலக்கணப் பிழை இருந்தால் அதையும் சொல்வாள். கலர் டி.வி. வந்தது, கேபிள் வந்தது, சீரியல் வந்தது. அம்மா அடுப்படியில்தான்.

யோசித்துப் பாருங்கள். நாற்பது வருஷம் அம்மா டி.வி. பார்க்கவே இல்லை. கேட்டாள். அவளுக்கு அது படம் ஓடுகிற ரேடியோ. ஓய்வு பெற்று, அடுப்படியை மருமகளிடம் கொடுத்துவிட்டு, ஒருவழியாக நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது காது மங்கிவிட்டது. ஒலியைக் கூட்டி வைப்பாள். "அத்தை, கொஞ்சம் கம்மி பண்ணுங்களேன், படிக்கறான்" என்பாள் மனைவி. "சத்தத்தைக் குறைம்மா" என்று நான் அறையிலிருந்தே கத்துவேன். அம்மா குறைப்பாள். குறைத்துக் குறைத்து, கடைசியில் வாயசைப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதுவும் அலுத்து, எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வயதாகும்போது காது எல்லா ஒலிக்கும் ஒரே மாதிரி மங்குவதில்லை. கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். ஆ, ஓ என்ற உயிரெழுத்து ஒலிகள் கனமானவை, நன்றாகக் கேட்கும். க, த, ப, ஸ எல்லாம் மெலிசானவை. அவை நழுவினால் கட்டு, தட்டு, பட்டு மூன்றும் ஒன்றுதான். ஒலியைக் கூட்டினால் பின்னணி இசை கூடுமே தவிர, வார்த்தை தெளியாது. போதாததற்கு, டி.வி. மெலிந்துவிட்டது. அந்த மரப்பெட்டியில் ஸ்பீக்கர் நம்மைப் பார்த்து இருந்தது. இப்போது பெரும்பாலும் அடியிலோ பின்னாலோ. தரையிலும் சுவரிலும் முட்டிவிட்டுத்தான் பேச்சு நம்மிடம் வருகிறது. நல்ல காதுக்கே கஷ்டம்.

கடையில் என் கணக்கை மாற்றினேன். பிரபலமான கம்பெனியின் 43 இன்ச் 25,000-ஐ விழுங்கிவிடும். அதை விட்டேன். அவ்வளவு பேர் இல்லாத, ஆனால் நம் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிற கம்பெனியின் 43 இன்ச்சை 21,500-க்கு எடுத்தேன். மிச்சம் 3,500-க்குச் சின்ன சவுண்ட்பார். நேராக முகத்தைப் பார்த்துப் பேசும். பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்க ஒரு பட்டன். ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கிற ஹெச்.டி.எம்.ஐ. துளையில் செருகினால், டி.வி. ரிமோட்டிலேயே அதன் ஒலியும் கூடிக் குறையும். பெரியவர்கள் கையில் ரிமோட் எண்ணிக்கை குறைந்தால் பாதி நிம்மதி. டி.வி.யைப் போட்டதும் நேராக செட்டாப் பாக்ஸுக்குப் போகிற மாதிரி செட்டிங்கில் மாற்றி வைத்துவிடலாம். அதையும் செய்தேன்.

பெரிய மகன் கடமை செய்துவிட்ட திருப்தியில் இருந்தேன். மனைவிதான் விடவில்லை. "பெட்டி வாங்கியாச்சு சரி. காதை எப்பக் காட்டறது?"

காது டாக்டரிடம் போனோம். ஹெட்போன் மாட்டி, கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்று சோதனை. கடைசியில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். இடப்பக்கம் ஓரளவு சமதளம். வலப்பக்கம் போகப்போக மலையிலிருந்து இறங்குகிற மாதிரி கோடு. அந்தச் சரிவில்தான் ஒரு வருஷமாக அம்மா தனியாக நின்றுகொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் மேலே நின்று, சத்தத்தைக் குறை என்று கத்தியிருக்கிறோம். இப்போது காதில் மெஷின் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் ஃபேன் சத்தம், பாத்திரச் சத்தம் எல்லாம் இரைச்சல் என்று கழற்றிக் கழற்றி வைத்தாள். பழகிவிட்டது.

வீட்டில் வயதானவர் இருந்து, டி.வி. சத்தம் கூடிக்கொண்டே போனால், அல்லது அவர் டி.வி. பார்ப்பதையே விட்டுவிட்டால், கடைக்குப் போவதற்கு முன் ஒரு காது சோதனை செய்துவிடுங்கள். நான் வரிசையைத் தலைகீழாகச் செய்தேன்.

போன வாரம் ராத்திரிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் அளவாகத்தான் இருந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டாள். முகத்தில் பழைய டீச்சர்.

"கேளுடா இந்தப் பொண்ணை. மலை பெய்யுதாம். பல மாவட்டத்துல கன மலையாம்! இத்தனை நாள் எனக்குத்தான் காது சரியில்லைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."