ஐயாவின் சேவிங் செற்

ஆடவராய்ப் பிறந்த யாவருக்கும் காலைதோறும் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிறு வழக்கு ஒன்று உண்டு. அது கண்ணாடியின் முன்னே நடைபெறுவது. வாதியும் பிரதிவாதியும் ஒருவரே. தீர்ப்பு நன்றாக அமைந்தால் முகம் பளபளக்கும். பிழைத்தால் சிறிது இரத்தம் சிந்தும். இந்த வழக்கில் நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோற்றுக்கொண்டே வந்தேன் என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளுகிறேன்.

சென்ற ஐப்பசி மாதம் வரை என் குளியலறைத் தட்டில் இருந்தவற்றைக் கேளுங்கள். நுரை பீச்சும் தகரக் குப்பிகள் இரண்டு, பசை ஒன்று, மூன்று அலகுள்ள கத்தி ஒன்று, ஐந்து அலகுள்ளது மற்றொன்று, கனடாவிலிருந்து மைத்துனர் அனுப்பிய மின்சாரக் கருவி ஒன்று. இத்தனை படைக்கலங்கள் இருந்தும் என் கழுத்தில் சிவந்த பருக்கள் நீங்கியதில்லை. ஒன்று பிழைத்தால் அதன்மேற் குற்றஞ் சுமத்தி மற்றொன்றை வாங்குவேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

ஐப்பசியின் பெருமழையில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியது. ஒழுக்கின் கீழே அகப்பட்ட பழைய தகரப் பெட்டியை நகர்த்தியபோது அதனுள்ளிருந்து ஒரு பேணி உருண்டு வந்தது. திறந்து பார்த்தேன். பித்தளையாற் செய்து மேலே பூச்சிட்ட றேசர் ஒன்று. மரக்கைப்பிடியுள்ள தூரிகை ஒன்று. அலுமினியக் கிண்ணம் ஒன்று. விளிம்பில் வெடித்த கைக்கண்ணாடி ஒன்று. தேய்ந்து வழுவழுத்த சீனாக்காரக் கட்டி ஒன்று. காலஞ்சென்ற என் தகப்பனாரின் சேவிங் செற் அது. பேணியை மூடிவிட்டு மீண்டும் திறந்தேன். அன்றிரவே ஒரு விரதம் பூண்டேன். கார்த்திகை முதலாந் திகதி தொடங்கி அம்மாதம் முடியும் வரை இந்தக் கருவிகளைத் தவிர வேறெதனையும் தொடுவதில்லை. என்ன நேர்ந்தாலும் ஒன்றையும் மாற்றுவதில்லை.

“அப்பா, உது மியூசியத்துக்குக் குடுக்க வேண்டிய சாமான்” என்றான் பல்கலைக்கழகத்திற் படிக்கும் என் மகன். என் மனைவி ஒன்றுஞ் சொல்லாமல் பஞ்சும் மருந்தும் எடுத்துத் தட்டில் வைத்தாள். தூரிகையைச் சுடுநீரிற் கழுவிக் காயவைத்தேன். பிளேட்டும் வட்டச் சவர்க்காரமும் வாங்கக் கிளிநொச்சிச் சந்தைக்குப் போனேன். கடைக்காரர் பின்தட்டில் நெடுநேரம் தேடித் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். “இப்ப ஆர் ஐயா உதை வாங்கினம்?” என்று வியந்தார்.

முதற் கிழமை பெருந்தோல்வி. மூன்று நாளில் ஐந்து காயங்கள். அதனினும் பெரிய துயரம், நுரை எழவில்லை. கிண்ணத்திலே தூரிகையைச் சுழற்றச் சுழற்றத் தயிர் திரைந்தாற்போல ஒரு வெண்படலந்தான் மிதந்தது. விரதத்தை முறித்துத் தகரக் குப்பியை எடுத்துவிடலாமா என்று கை துடித்தது. அப்போதுதான் ஐயா சொன்ன ஒரு செய்தி நினைவுக்கு வந்தது.

ஐயா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1950களில் எழுந்த அந்தத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பைக் கரைத்து, அக்கரைசலினூடே மின்சாரத்தைச் செலுத்தி எரிசோடாவும் குளோரினும் எடுத்தது. போர் மூண்ட 1980களில் அது நின்றுபோயிற்று. எண்ணெயோடு எரிசோடாவைச் சேர்த்தாற் கட்டிச் சவர்க்காரமும், பொட்டாசியக் காரத்தைச் சேர்த்தால் நுரை மிகுந்த மென்சவர்க்காரமும் உண்டாகும் என்பதை நான் பள்ளியிற் படிக்குமுன்னரே அவரிடம் கேட்டறிந்தேன். “கிணத்துத் தண்ணியிலை சுண்ணாம்பு கிடக்குது தம்பி. அது சவுக்காரத்தைத் தின்னும். மழைத் தண்ணியைப் பிடிச்சு வை” என்பார் அவர்.

உண்மை அதுவே. எங்கள் வளவுக் கிணற்று நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு கூடிக் கரையாத திரையாகப் படியும். எஞ்சிய சவர்க்காரமே நுரையாக வேண்டும். ஆகவே பீலியின் கீழே ஒரு வாளியை வைத்தேன். கார்த்திகை மழைக்குப் பஞ்சமா? மறுநாட் காலை அந்த நீரிலே தூரிகையை நனைத்துச் சுழற்றினேன். கிண்ணம் நிறைய நுரை, பால் பொங்கியது போல எழுந்தது. நீரை மாற்றியது விரதபங்கம் அன்றோ என்று மகன் வாதிட்டான். கருவியைத்தான் மாற்றக்கூடாது, அறிவை மாற்றலாம் என்று தீர்ப்பளித்தேன்.

இந்தக் கருவியின் வரலாறும் சுவையானது. முன்னாளிற் சவரக்கத்தி என்பது மடக்குக் கத்தியே. அதனைத் தீட்டவும் பிடிக்கவும் தனிக் கைத்திறன் வேண்டும். தேய்ந்தால் எறிந்துவிடக் கூடிய மெல்லிய தகட்டை ஒரு பிடிக்குள் அடக்கும் எண்ணத்தைச் செயலாக்கியவர் அமெரிக்கராகிய கிங் காம்ப் ஜில்லெட். 1903 ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனம் விற்றவை 51 றேசர்களும் 168 பிளேட்டுகளுமே. 1904 இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு முப்பத்தைந்து இலட்சம் றேசர்கள் வழங்கப்பட்டன. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் தாமே சவரஞ் செய்யும் பழக்கத்தையும் உடன்கொண்டு திரும்பினார்கள்.

நம் ஊரில் இந்தச் சிறு கருவிக்கு வேறொரு பொருளும் இருந்தது. அக்காலத்திற் சவரத் தொழிலாளி வீடு தேடி வரவேண்டும். முற்றத்திலே காத்து நிற்கவேண்டும். அறுவடையின்போது நெல்லாகக் கூலி பெறவேண்டும். தன்னிலும் மூத்த ஒருவர் தன் முற்றத்தில் நின்று தன்னையே “ஐயா” என்று அழைப்பது என் தகப்பனாருக்குப் பொறுக்கவில்லை. தொழிற்சாலைச் சம்பளத்தில் இந்த றேசரை வாங்கியதற்கு அதுவே காரணம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அந்த முதியவருக்கு வழமையாகக் கொடுக்கும் நெல்லை மட்டும் ஐயா நிறுத்தவில்லையாம்.

இரண்டாங் கிழமையிற் கோணத்தைக் கற்றேன். புதிய கத்திகளிற் கோணத்தைத் தொழிற்சாலையே தீர்மானித்துவிடுகிறது. கை ஒன்றும் அறியவேண்டியதில்லை. பழைய றேசரிலோ அலகு கன்னத்தோடு ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில் நிற்கவேண்டும். அதைக் கைதான் காணவேண்டும். அழுத்துவதும் ஆகாது, பித்தளையின் பாரமே போதும். முதலிற் சுடுநீரால் இரண்டு மூன்று நிமிடம் முகத்தை நனைக்கவேண்டும். உலர்ந்த தாடி உரோமம் அதே தடிப்புள்ள செப்புக் கம்பியைப் போல் வலியது என்பர். நீரை உறிஞ்சினால் இளகிவிடும். உரோமம் எத்திசையில் வளர்கின்றதென விரலாற் தடவிப் பார்த்து அத்திசையிலேயே வழிக்கவேண்டும். என் கழுத்தில் அது பக்கவாட்டாக வளர்கின்றது என்பதை ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அறிந்தேன்!

பருக்களின் காரணமும் விளங்கியது. 1971 இல் இரட்டை அலகும், 1998 இல் மூன்றலகும், 2006 இல் ஐந்தலகும் கடைக்கு வந்தன. முன்னலகு உரோமத்தை இழுக்க, பின்னலகு அதனைத் தோல்மட்டத்துக்குக் கீழே அறுப்பதுண்டு. அப்படி அறுபட்டது வளைந்து தோலுக்குள்ளேயே வளர்ந்தாற் பருவாகச் சிவக்கும். ஓரலகுக்கு மாறி இரண்டு கிழமையில் என் கழுத்து ஆறிவிட்டது.

மூன்றாங் கிழமையில் ஒரு பிளேட் எத்தனை நாள் உழைக்கும் என்று கணக்கெடுத்தேன். ஆறாவது நாளில் உரோமத்தை இழுக்கத் தொடங்கியது. உருக்கைவிட ஐம்பது மடங்கு மென்மையான உரோமம் எவ்வாறு உருக்கை மழுங்கச் செய்கின்றது? அமெரிக்காவின் மசாச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2020 இல் இதற்கு விடை கண்டார்கள். உரோமம் அலகின் முன்னே வளையும்போது, உருக்கின் நுண்ணமைப்பு ஒருசீராக இல்லாத இடங்களில் விளிம்பு சிறு சில்லுகளாகப் பெயர்கின்றதாம். மென்மையானதும் நாளடைவில் வன்மையானதைத் தேய்க்கும் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஐயாவுக்கு ஆறு நாட் கணக்கெல்லாம் இல்லை. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில், மண்ணெண்ணெயைத் துளித்துளியாக எண்ணி ஜாம் போத்தல் விளக்கு எரித்த நாள்களில், ஒரு பிளேட்டைக் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் தீட்டித்தீட்டி மாதக்கணக்கிற் பயன்படுத்தினார். வழித்து முடிந்ததும் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வைப்பார். உண்ண ஒன்றுமில்லாத நாளிலும் முகம் வழிக்காமல் அவர் படலையைத் தாண்டியதில்லை.

இனிச் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2008 இன் கடைசியிற் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டோம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என ஒவ்வோரிடத்திலும் சில பொருள்களைக் கைவிட்டோம். துவிச்சக்கர வண்டியை விட்டோம். அம்மாவின் தையல் இயந்திரத்தை விட்டோம். ஓரிடத்தில் நான் ஐயாவின் பையைக் கொட்டி, “உந்தப் பேணி என்னத்துக்கு? எறியுங்கோ” என்று கத்தினேன். அவர் மறுமொழி கூறவில்லை. குனிந்தெடுத்துச் சாரத்தின் மடிப்பிலே செருகிக்கொண்டார். 2009 சித்திரையில் மாத்தளனிற் கடனீரேரியைக் கடந்தபோதும் அது அவர் இடுப்பில் இருந்தது.

வவுனியா, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு கூடாரம். ஐயாவின் கைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன. ஒருநாள் மாலை பேணியை என்னிடம் நீட்டி, “தம்பி, ஒருக்கா வழிச்சு விடுறியோ?” என்றார். அன்று முழுவதும் தண்ணீர் வரிசையில் நின்று வந்த களைப்பு எனக்கு. மேலும், பிறர் முகத்தில் அந்தக் கத்தியைப் பிடிக்க எனக்குத் தெரியாது. தெரியாதென்று சொல்ல வெட்கம். “நாளைக்குப் பாப்பம் ஐயா” என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. வெண்தாடியோடு கிடந்த அவர் முகத்தை இறுதியாக வழித்தவர் நான் அல்லர். கூலிக்கு வந்த ஒருவர்.

கார்த்திகை மாதக் காலைகளில் அந்த வெடித்த கண்ணாடியின் முன் நான் கற்றது சவரமன்று; அந்த மாலையில் எனக்குத் தெரியாதிருந்தது எதுவோ அதைத்தான் கற்றேன். அது எவ்வளவு எளிது! சிறிது சுடுநீர், பாரமில்லாத கை, பதினைந்து நிமிடப் பொறுமை. தண்ணீர் வரிசையில் நின்ற கால்களுக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கொடுத்திருக்கலாம்.

மாதம் முடிந்தது. மகன் என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, மியூசியக் கதையை மீளப்பெற்றுக்கொண்டான். தட்டிலிருந்தவற்றில் மின்சாரக் கருவியை அவன் எடுத்துக்கொண்டான். ஏனையவை பெட்டிக்குள் போயின. பேணி தட்டில் இருக்கின்றது.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டிலே பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்த முதியவர் ஒருவர் இருக்கின்றார். பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை, கிண்ணமும் தூரிகையும் மழை நீர்ப் போத்தலுமாக அங்கே போனேன். அவருக்கென்று தனித் தூரிகை, தனி றேசர், புதுப் பிளேட். ஒருவர் முகத்திற் பட்ட அலகு மற்றொருவர் முகத்திற் படலாகாது என்பதை நாம் மறக்கக் கூடாது. இரத்தத்தால் தொற்றும் நோய்கள் பலவுண்டு. செயலற்ற பக்கத்துக் கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து மெல்ல வழித்தேன். ஒரு துளி இரத்தமும் வரவில்லை. சீனாக்காரத்தை நனைத்துத் தடவினேன்.

முதியவர் நல்ல கையால் முகத்தைத் தடவினார். கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பின்னர், “வாற ஞாயிறும் வருவியோ தம்பி?” என்று கேட்டார்.

“ஓம் ஐயா, வருவன்” என்றேன். இன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். இக்கட்டுரையை முடித்துவிட்டுப் புறப்படவேண்டும். அடுப்பிலே தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கின்றது.