பிழையை எண்ணுவோம்

தலைநகரில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் தமிழருக்குப் பிழையின்றி எழுதுபவர் என்ற பழைய நற்பெயர் ஒன்று உண்டு. அதில் நானும் சற்றே கர்வம் கொண்டிருந்தேன். அக்கர்வம் நீங்கிய கதையை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இரயில்வே காரியாலயம் ஒன்றில் பென்ஷன் தாள்களைத் தயாரிப்பது என் வேலை. சென்ற ஆண்டு, ஓய்வு பெற்ற நம்மவர் ஒருவரின் தாள்கள் இருமுறை திரும்பி வந்தன. சர்வீஸ் புத்தகத்தில் தலைப்பெழுத்துடன் இருந்த அவர் பெயர், பாங்குப் புத்தகத்தில் தந்தையின் முழுப் பெயருடன் இருந்தது. அதைத் திருத்தி அனுப்பினால், மனைவியாரின் பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தது. இரண்டையும் ஒப்பு நோக்காது அனுப்பியவன் நானே. பென்ஷன் இரண்டு மாதம் தாமதமாயிற்று. "பரவாயில்லை தம்பி" என்று அப்பெரியவர் சொன்ன சொல், வசவைக் காட்டிலும் சுட்டது.

விடுமுறையில் சென்னை சென்றபோது, பாடியில் தொழிற்சாலை வேலையிலிருக்கும் என் அத்தானிடம் இதைச் சொல்லி வருந்தினேன். "யார் பிழை செய்தார் என்பதை விடு, பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்று பார்" என்றார் அவர்.

அந்தப் பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவுதான் 1998-ஆம் ஆண்டில் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அப்பரிசை முதன்முதலில் பெற்ற நிறுவனம் அதுவே. அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் டெமிங் 1950-இல் ஜப்பானியருக்குத் தர நிர்ணயம் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். மறு ஆண்டே அவர் பெயரால் பரிசு நிறுவப்பட்டது. குறைகளில் பெரும்பாலானவை தொழிலாளியால் அல்ல, வேலை அமைந்த முறையால் விளைகின்றன. முடிந்தபின் சோதிப்பதைவிடச் செய்யும்போதே சீர்படுத்துவது மேல். அச்சமுள்ள இடத்தில் உண்மை வெளிவராது. இவையே அவர் போதனையின் சாரம்.

தில்லி திரும்பியதும் ஒரு தாளில் கட்டங்கள் கிழித்து, திரும்பி வரும் தாள்களைக் காரணவாரியாகக் குறிக்கலானேன். அது மேலதிகாரியிடம் போகுமோ என்று சகாக்கள் அஞ்சினர். ஆகவே ஆள் பெயருக்குக் கட்டமே வைக்கவில்லை. முதற்கோட்டை என் பிழைக்கே இட்டேன். பின்னர் மற்றவர்களும் தாமே வந்து குறித்தனர். மூன்று மாதத்தில் உண்மை விளங்கிற்று. பாதிக்கு மேற்பட்டவை பெயர் வேறுபாடுகளே. புதிதாக வருபவரை எவரும் பழக்காமல் நாற்காலியில் அமர்த்திவிடுவோம்; நானும் அப்படி அமர்ந்தவன்தான்.

இப்போது புதியவர் ஒரு வாரம் அனுபவசாலியின் அருகில் அமர்கிறார். திரும்பி வந்த பழைய தாள்களைக் கொடுத்து, பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறோம். ஓய்வு பெறுபவர் வரும் முதல் நாளே, அவர் முன்னிலையில் எல்லா ஆவணங்களிலுமுள்ள பெயரை எழுத்தெழுத்தாக வாசித்து ஒப்பிடுகிறோம். திரும்பி வருவது அடியோடு நிற்கவில்லை. ஆனால் வெகுவாகக் குறைந்துவிட்டது.

நம் இல்லங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தலைப்பெழுத்து நமது வழக்கம். இங்குள்ள படிவங்களோ குடும்பப் பெயரைக் கேட்கின்றன. ஒருநாள் மாலை, வீட்டிலுள்ளோரின் பள்ளிச் சான்றிதழ், ஆதார் அட்டை, பாங்குப் புத்தகம் ஆகியவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள்.

அப்பெரியவருக்குப் பென்ஷன் இப்போது ஒழுங்காக வருகிறது. அந்த இரண்டு மாதத்தை அவருக்கு நான் திருப்பித் தர இயலாது. அடுத்து வருபவர்க்கு அது நேராமல் காக்க இயலும்.